மூன்றாம் கவுண்டரின் முப்பத்தெட்டு பேர்

ஒரு மெத்தை வாங்கியவர் பத்து வருடம் அதன்மேல் நிம்மதியாகத் தூங்குவார். அப்படித் தூங்குகிறவரை வாரம் ஒரு தடவை தட்டி எழுப்பி, இன்னொரு மெத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக அந்தக் கம்பெனியின் மாடியில் பதினோரு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்புகிற வேலை மின்னஞ்சல் வழியாக நடந்தது. பதினோரு பேரில், கழிவறைக்குப் பக்கத்திலிருந்த கடைசி அறையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சல்லடை என்று பெயர்.

அது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஆபீஸ் வைத்தது. கம்பெனியின் பட்டியலில் எண்பத்தாறாயிரம் மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. ஒவ்வொரு கடிதமும் கிளம்புவதற்கு முன்னால் அந்த முகவரிகளைச் சலித்து, தேறாதவற்றை வெளியே தள்ளுவது அவர் பொறுப்பு. எழுத்து தப்பிய முகவரி, பெட்டி நிரம்பி வழியும் முகவரி, பத்து நிமிடத் தேவைக்கு உண்டாக்கிப் பதினோராவது நிமிடம் கைகழுவிய முகவரி, யார் பெயரைப் போட்டு எழுதினாலும் ஆமாம் இங்கேதான் இருக்கிறார் என்று வாங்கி வைத்துக்கொள்ளும் முகவரி, எல்லாவற்றையும் பிடிக்க ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. அது ஒவ்வொரு கதவையும் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு வந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பூசிக் கொடுக்கும். பச்சைக்கும் சிவப்புக்கும் மூளை தேவையில்லை. மஞ்சளில்தான் சல்லடையின் சாமர்த்தியம். முகவரியைப் பார்த்த மாத்திரத்தில் அதற்குப் பின்னால் ஆள் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு நினைப்பு.

நினைப்பு என்ற சொல்லும் அவருடையதே. தன்னைக் கேலி செய்துகொள்வதில் சல்லடையை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. விசேஷ வீட்டில் யாராவது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "எங்க கடிதத்தைப் படிக்காதவங்க யார் யாருன்னு தேடிக் கண்டுபிடிச்சு, அவங்களுக்கு இனிமே எழுதாம இருக்கிற வேலை" என்பார். வழுக்கையைப் பற்றியும் தொந்தியைப் பற்றியும் அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் அவரே இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார். அதனால் அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவருக்கும் அவரைக் கொஞ்சம் பிடித்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலையில் கம்பெனியின் கடிதங்கள் போய்ச்சேர மறுத்தன. விளம்பரக் கடிதம் போகாவிட்டால் உலகம் ஒன்றும் மூழ்கிவிடாது. ஆனால் அதோடு ரசீதும் போகவில்லை, மெத்தை எந்த நாள் வீட்டுக்கு வரும் என்று சொல்லும் கடிதமும் போகவில்லை. பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதற்காக வெறுந்தரையில் காத்திருந்தவர்கள் தொலைபேசியில் கம்பெனியைப் பிடித்து உலுக்கினார்கள். பத்து மணிக்கு மேலாளர் சல்லடையைக் கூப்பிட்டார். மேலாளர் அதிகம் பேசாத பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாரென்றால் எதிரே இருப்பவருக்கு நாள் சரியில்லை என்று அர்த்தம். அன்றைக்குக் கண்ணாடி மேசைமேல் இருந்தது.

"கண்ணியில கால் வெச்சிருக்கோமாம்" என்றார். "உங்க பட்டியல்ல கண்ணி இருக்காம்."

வேண்டாத கடிதம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே சில காவல் நிறுவனங்கள் உண்டு. அவர்கள் மனிதரே இல்லாத முகவரிகள் சிலவற்றைச் சும்மா திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்த முகவரியை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. ஆகவே அதற்கு ஒரு கடிதம் வந்து விழுந்தால், அனுப்பியவர் கேட்காமலே எழுதுகிறவர் என்று தீர்ப்பாகி, அவருடைய எந்தக் கடிதமும் போகாதபடி தடை விழும். எந்த முகவரி கண்ணி என்று காவல்காரர்கள் சொல்ல மாட்டார்கள். பட்டியலைச் சுத்தம் செய்து, குப்பை எப்படி உள்ளே வந்தது என்று எழுத்தில் விளக்கினால்தான் தடையை எடுப்பார்கள்.

"சுத்தம் பண்றது உங்க பாடு" என்றார் மேலாளர். "யாரு உள்ள விட்டாங்கன்னு எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியணும். அந்த ஆள் அதுக்கப்புறம் இங்க இருக்கக் கூடாது."

சல்லடை அறைக்கு ஓடினார். அவர் ஓடினதைப் பார்த்தே பத்து பேருக்கும் விஷயம் பெரியது என்று புரிந்தது. கண்ணியைத் தேட அவரிடம் ஒரு வழி இருந்தது. உயிருள்ள மனிதர் எத்தனை சோம்பேறியாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது தப்பித் தவறி ஒரு கடிதத்தைத் திறப்பார். கண்ணி திறக்காது. கடிதத்தை வாங்கும், திருப்பி அனுப்பாது, ஒருநாளும் திறக்காது. அப்படி, வாங்கியும் ஒரே ஒரு கடிதத்தைக்கூடத் திறக்காத முகவரிகளை மட்டும் தனியே பிரித்தார். செவ்வாய் மதியத்துக்குள் எண்பத்தாறாயிரம் சுருங்கி நாற்பத்தொன்று ஆனது. அந்த நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு, கீழ்த்தளத்து விற்பனைக் கடையின் மூன்றாம் கவுண்டரில் பதிவானவை. முப்பத்தெட்டும் நான்கு வருடத்துக்கு முந்திய ஒரே மாதத்துத் தேதி போட்டவை.

நான்கு வருடத்துக்கு முன்னால், அதே மாதத்தில் மூன்றாம் கவுண்டரில் வேலைக்குச் சேர்ந்த பெண்தான் இன்னும் அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தாள். சல்லடைக்குக் கை துறுதுறுத்தது. முகவரிகளை ஒரு தடவை வாசித்துக்கூடப் பார்க்காமல், எண்களை மட்டும் வைத்து ஒரு பக்க அறிக்கை எழுதினார். வாடிக்கையாளர் முகவரி தர மறுத்தபோதெல்லாம் ஊழியர் தன் கற்பனையிலிருந்து ஒன்றை உண்டாக்கி நிரப்பியிருக்கிறார் என்று எழுதியதோடு விட்டிருக்கலாம். ‘கற்பனை வளத்துக்கு மெத்தைக் கடை உகந்த இடம் அல்ல’ என்று ஒரு வரியையும் சேர்த்தார். சேர்த்துவிட்டுத் தானே படித்துச் சிரித்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை அந்தப் பெண்ணைக் கவுண்டரில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விளக்கம் சொல்ல வேண்டும், அதுவரை பின்னால் இருக்கும் கிடங்கில் தலையணை உறை எண்ண வேண்டும். அவள் கிடங்குக்குப் போகாமல் நேரே மாடியேறிச் சல்லடையின் அறைக்கு வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் மூன்றாம் எண் போட்ட அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், நான் ஒரு அட்ரஸ்கூட பொய்யா போடல" என்றாள்.

"உக்காருங்கம்மா."

"பரவால்ல சார். தர மாட்டேன்னு சொல்றவங்களுக்குக் காலியாத்தான் விட்டேன். அதனாலதான் என் எண்ணிக்கை எப்பவும் கம்மி. உங்களுக்கே தெரியும்."

சல்லடைக்குத் தெரியும்தான். ஆனால் அந்த நேரத்தில் அது அவருக்கு எதிர்வாதமாகத் தோன்றவில்லை, பழக்கப்பட்ட குற்றவாளியின் பேச்சாகத் தோன்றியது. "கணக்கு அப்படிச் சொல்லுதும்மா. நான் என்ன பண்ண, நான் வெறும் சல்லடை. மேல இருக்கிறது கீழ விழுது, அவ்வளவுதான்" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வீட்டுல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன் சார். அவருக்கு முதுகுல ஆபரேஷன் ஆனதிலேர்ந்து உக்கார முடியல. பொய் எழுதினான்னு பேரோட அனுப்பினாங்கன்னா வேற எந்தக் கடையிலயும் என்னைக் கவுண்டர்ல வைக்க மாட்டாங்க. அந்தப் பட்டியலை ஒரு தடவை காட்டுங்க. என்னுது இல்லன்னு நானே சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை காட்டுவாங்க."

அவள் இறங்கிப் போனாள். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு மூன்று பிரதி தேவை என்பது அப்போதுதான் சல்லடைக்கு நினைவு வந்தது. பட்டியலை அச்சடித்து எடுத்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று முதல் தடவையாக வாசித்தார்.

முதல் வரியில் அவருடைய பெரிய அத்தையின் பெயர் இருந்தது. பெயரை ஒட்டி அத்தை பிறந்த வருடம். உலகத்தில் ஒரே பெயரில் ஆயிரம் பேர் உண்டு, ஒரே வருடத்தில் லட்சம் பேர் பிறக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு இரண்டாம் வரிக்குப் போனார். அங்கே அத்தையின் வீட்டுக்காரர் இருந்தார். அடுத்த மூன்று வரிகளில் அவர்களுடைய மூன்று பிள்ளைகள், மூத்தது முதல் கடைசி வரை, வயது வரிசை பிசகாமல். ஆறாவது வரியில் சின்ன மாமா. சல்லடை எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து மீதியைப் படித்தார். முப்பத்தெட்டு வரியிலும் அவருடைய சொந்தபந்தங்கள், ஒரு குடும்பமாகச் சேர்ந்து போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றிருந்தார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் மூன்றாம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் சல்லடை. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் மின்னஞ்சல் முகவரி கேட்டு வாங்க வேண்டும் என்று அப்போதுதான் உத்தரவு வந்திருந்தது. கேட்டால், எதற்கு என்பார்கள். சலுகை வந்தால் சொல்லுவோம் என்றால், எனக்கு இருப்பது ஒரே முதுகு, அதற்கு ஒரு மெத்தை போதும் என்பார்கள். முதல் வாரம் அவர் யோக்கியமாகத்தான் இருந்தார். இரண்டாவது வாரம் ஒருநாள் கடை மூடும் நேரத்தில், மற்றக் கவுண்டர்காரர்களைவிட இரண்டு குறைந்தது. பெரிய அத்தையின் பெயரைத் தட்டினார். அத்தைக்கு மின்னஞ்சல் என்றால் என்ன என்றே தெரியாது, ஆகவே கோபித்துக்கொள்ள வாய்ப்பில்லை. பிறகு அத்தையின் வீட்டுக்காரரை மட்டும் விடுவானேன் என்று அவரையும் தட்டினார்.

கை பழகிவிட்டால் வேலை ஓடும். சித்தப்பா, சித்தி, ஒன்றுவிட்ட அண்ணன், அவன் மச்சான், கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்த சகலை என்று வம்சத்தையே மெத்தை வாங்க வைத்தார். ஆள் தீர்ந்துபோனால் அதே ஆளை வேறு வருடத்தில் பிறக்க வைத்தார். தினம் நாற்பது என்பது அவருடைய எண்ணிக்கையாகிப்போனது. ஒருநாள் அறுபத்தெட்டு. கடைச் சரித்திரத்திலேயே இல்லாத சாதனை என்று கைதட்டி, முகவரி விஷயத்தில் இவருக்கு ஒரு கை ராசி இருக்கிறது என்று மாடிக்கு ஏற்றினார்கள். மாடிக்கு வந்த முதல் வருடத்தில் அவர் பட்டியலைச் சலித்து ஒன்பதாயிரம் செத்த முகவரிகளை நீக்கினார். அதற்கும் கைதட்டினார்கள். உள்ளே போட்டதற்கு ஒரு பரிசு, அதையே வெளியே எடுத்ததற்கு இன்னொரு பரிசு. உலகத்தில் வேறெந்தத் தொழிலில் இப்படி இருபுறமும் சாப்பிட முடியும் என்று சல்லடைக்குத் தெரியவில்லை.

அப்போது அவருக்குத் தெரியாமல் இல்லை. முதல் சில மாதங்கள், நீக்குகிறவற்றில் தன் கைவண்ணம் எது என்று தெரிந்தேதான் நீக்கினார். அப்புறம் பார்ப்பதை நிறுத்திவிட்டார், அப்புறம் மறந்தார். மறப்பது அத்தனை வசதியாக இருந்தது. செத்துப்போனவை போக, ஆளில்லாத முகவரி என்று யாரோ காவல்காரர் எடுத்துக் கண்ணியாக்கியதால் உயிர் பிழைத்த முப்பத்தெட்டு பேர் மட்டும் பட்டியலின் அடியில் சத்தம் போடாமல் கிடந்திருக்கிறார்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் புதிய சாஃப்ட்வேர் வந்தபோது, பழைய பதிவுகளில் ஊழியர் பெயர் வேண்டாம், ஆள் மாறுவார், கவுண்டர் மாறாது, எண் போதும் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். பழைய பதிவுகள் புதிய சாஃப்ட்வேருக்கு மாறிய தேதியே எல்லாவற்றுக்கும் பதிவான தேதியாக விழுந்துவிட்டது. அந்தத் தொழிலில் அரிச்சுவடி படித்தவர்கூட ஒரு நிமிடம் யோசித்துக் கண்டுபிடித்திருக்கக்கூடிய விஷயம். அறிக்கையில் ஒரு நக்கல் வரி சேர்க்க அவருக்கு நேரம் இருந்தது, அந்த ஒரு நிமிடத்துக்கு இருக்கவில்லை.

முப்பத்தெட்டையும் திரையில் தேர்வு செய்தார். நீக்கு என்ற பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. அழித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க என்ன இருக்கிறது, அழிப்பதுதானே அவருக்குக் கொடுத்த வேலை. தடை நீங்கும், காவல்காரர்களுக்கு விளக்கக் கடிதம் போகும், கடிதத்தில் ஒரு முன்னாள் ஊழியரின் தவறு என்று ஒரு வரி இருக்கும். தேதியைப் பற்றி அவர் வாயைத் திறந்தால், அதற்கு முன்னால் மூன்றாம் கவுண்டரில் யார் இருந்தார் என்று அடுத்த கேள்வி வரும். பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் இருந்தார். பயமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் வெளியே போனால், படிக்காதவர்களுக்கு எழுதாமல் இருக்கத் தெரிந்த மனிதரை யார் வேலைக்கு வைப்பார்கள்.

அன்று சாயங்காலம் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லுகிறபோதே அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. அவர் வாயில் எது விழுந்தாலும் அப்படித்தான் ஆகும். பெரிய அத்தை மெத்தை வாங்கிய இடத்தில் மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க அம்மாவுமா?" என்றாள்.

"உங்கம்மா ரெண்டு தடவை. ஒண்ணு சரியான வருஷம். ஒண்ணு அவங்க எல்லார்கிட்டயும் சொல்ற வருஷம்."

மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"அதான் யோசிக்கிறேன்."

"இல்ல, நீங்க அரை மணி நேரமா சொல்றீங்க. அதுல உங்க அத்தை வந்தாங்க, மாமா வந்தாரு, எங்கம்மா வந்தாங்க. அந்தப் பொண்ணு ஒரே ஒரு தடவைதான் வந்தா."

அவள் மறுபடியும் நறுக்க ஆரம்பித்தாள். "உங்க இஷ்டம். ஆனா அழிச்சுட்டு வந்தீங்கன்னா, இந்தக் கதையை இன்னொரு தடவை இந்த வீட்டுல சிரிச்சுக்கிட்டு சொல்லாதீங்க. என்னால சிரிக்க முடியாது."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேலாளர் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். கண்ணாடி மேசைமேல் இருந்தது. கவுண்டர் பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் தலையணை உறை எண்ணியதில் அவள் புடவையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. மேலாளர் பேச ஆரம்பிப்பதற்குள் சல்லடை எழுந்துவிட்டார்.

"மேடம், அந்த அட்ரஸ் எல்லாம் இவங்க போட்டது இல்ல. நான் போட்டது."

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இரக்கப்படறது நல்ல குணம்தான். அதுக்கு இது இடம் இல்ல. தேதி என்ன சொல்லுது?"

சல்லடை தேதியின் கதையைச் சொன்னார். மேலாளர் அசையவில்லை. சாஃப்ட்வேர் சொல்வதை நம்புவதா, இந்த ஆபீஸில் யாரையும் கஷ்டப்படுத்தத் தெரியாத மனிதர் சொல்வதை நம்புவதா என்று அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. தன்மேல் இருந்த நல்ல பெயர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சல்லடையின் காலை வாரியது.

"அந்தப் பேப்பரை நீங்க கையில வெச்சுக்கோங்க மேடம்" என்றார். நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கப் போட்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "நான் பாக்காம சொல்றேன். சரியான்னு பாருங்க. முதல்ல எங்க பெரிய அத்தை. அடுத்தது அவங்க வீட்டுக்காரர், அத்தைக்கு நாலு வருஷம் மூத்தவர். அப்புறம் மூணு பசங்க."

பெயரையும் வருடத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மேலாளர் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக டிக் போட்டார். ஆறாவதாகச் சின்ன மாமா வந்தார். "இவர் பேர்ல மூணு இருக்கும் பாருங்க. மூணு வியாபாரம் தொடங்கி மூணையும் இழுத்து மூடினவர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெத்தை குடுத்தேன்." பேனாச் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்தது. சகலையிடம் வந்தபோது, "இவரை நான் ஒரே தடவைதான் பாத்திருக்கேன். ஆனா கடையில நாலு தடவை வந்திருக்காரு" என்றார். மேலாளர் தொண்டையைச் செருமினார். மாமியாரின் இரண்டு வருடங்களுக்கு வந்தபோது செருமலால் அடக்க முடியவில்லை. அந்த அறையில் மேலாளர் சிரித்து யாரும் கேட்டதில்லை. வெளியே தட்டச்சுச் சத்தங்கள் நின்றுபோயின.

முப்பத்தெட்டாவது ஆளோடு சல்லடை எழுந்து நாற்காலியைத் திருப்பினார். மேலாளர் கண்ணாடியை மாட்டியிருந்தார், சிரித்ததில் கண் கலங்கியிருந்தது. செய்தது தப்பு, எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும், காவல்காரர்களுக்கு விளக்கத்தை அவர் கையெழுத்திலேயே அனுப்ப வேண்டும் என்று சொன்னார். கவுண்டர் பெண்ணைப் பார்த்து, "நீங்க இப்பவே கீழ போய் உக்காரலாம்" என்றார். பிறகு சல்லடையிடம், "பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒத்துக்கறதுக்கும் ஒரு தைரியம் வேணும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

சல்லடை வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. வேலை போகவில்லை. பொய் சொல்லவும் இல்லை. நடைவழியில் இரண்டு பேர் எதிரே வந்து தோளில் தட்டினார்கள், உங்க மாமியார் சௌக்கியமா என்று கேட்டார்கள். ஒரு மனிதரின் குற்றம் இதைவிட நன்றாக முடிய வழியில்லை. படிக்கட்டின் தலைப்பில் அந்தப் பெண் நின்று புடவையிலிருந்து பஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள். சல்லடை கையைக் கூப்பினார்.

"எங்க குடும்பமே, முப்பத்தெட்டு பேரும் சேர்ந்து, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்குதும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது.

"உள்ள நீங்க சொல்லச் சொல்ல நான் ஒண்ணு யோசிச்சேன் சார்" என்றாள். "மாசா மாசம் எனக்கு ஒரு பேப்பர் வரும். மூணாம் கவுண்டர்ல முன்னாடி நாளைக்கு நாப்பது, இப்ப ஒம்பதுன்னு. அதைப் படிச்சுக் காட்டி எல்லார் முன்னாடியும் கேப்பாங்க, உனக்கு மட்டும் ஏன் முடியலன்னு. அந்தப் பேப்பரை நீங்கதானே தயார் பண்ணுவீங்க?"

"ஆமா."

"வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கடைக்கு ரெண்டு தடவை மாத்தல் கேட்டேன். மத்தியானம் போய் அவரைத் திருப்பிப் படுக்க வெச்சுட்டு வரலாம்னு. எண்ணிக்கை கம்மின்னு ரெண்டு தடவையும் முடியாதுன்னுட்டாங்க. எனக்குத்தான் பேசத் தெரியல போலன்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகியிருக்கேன் சார், அட்ரஸ் எப்படிக் கேக்கறதுன்னு." அவள் கடைசிப் பஞ்சை எடுத்துக் கையில் உருட்டினாள். "நாலு வருஷமா நான் உங்க அத்தைகிட்டயும் மாமாகிட்டயும் தோத்துக்கிட்டிருந்திருக்கேன்."

கீழே யாரோ வாடிக்கையாளர் மணியை அடித்தார். அவள் இறங்கிப் போனாள்.

சல்லடைக்குச் சொல்ல ஏதோ ஒன்று எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு வாயைத் திறந்து பார்த்தார், ஒன்றும் வரவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். வெட்கமாக இருந்தது. உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்து வித்தை காட்டியபோது, பின்னால் அவள் முகம் எப்படி இருந்தது என்று அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

புதிய சாஃப்ட்வேர் வருவதற்கு முந்திய பட்டியல்களின் பிரதிகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். முதல் வருடம் நீக்கிய ஒன்பதாயிரத்தையும் சேர்த்து, மூன்றாம் கவுண்டரில் தான் உட்கார்ந்த நாட்களின் பதிவுகளை வரி வரியாகப் பார்த்து, சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகக் கழித்தார். இரண்டு நாள் பிடித்தது. சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்தார். மிஞ்சியதை நாட்களால் வகுத்தபோது, அவருடைய உண்மையான எண்ணிக்கை நாளொன்றுக்கு ஆறு. மற்றக் கவுண்டர்களையும் அதேபோல் சலித்துப் பார்த்தார். ஐந்து, ஏழு, எட்டு. இதுவரை அந்தக் கடையில் உட்கார்ந்த அத்தனை பேரிலும், உயிருள்ள மனிதர்களிடம் கேட்டு ஒன்பது வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

மேலாளருக்கும் எல்லாக் கவுண்டர்களுக்கும் சேர்த்து ஒரு கடிதம் எழுதினார். கம்பெனிக்குள் போகும் கடிதத்துக்குத் தடை கிடையாது. நாற்பது என்ற எண் ஒருநாளும் உண்மையாக இருந்ததில்லை என்று எழுதினார். அதை வைத்து நான்கு வருடமாக ஓர் ஊழியரைக் குறை சொன்ன தாள்களைத் தயாரித்தது தான் என்றும், அதைக் காட்டி மறுத்த இரண்டு மாற்றல் விண்ணப்பங்களையும் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். கீழே அட்டவணையைப் போட்டார். முதல் வரியில் அவள், கடைசிக்கு முந்திய வரியில் அவர்.

முடிவில், பழக்க தோஷத்தில், தன்னைப் பற்றி நன்றாக ஒரு கேலி வரி வந்து விழுந்தது. படிக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். அதை அழித்துவிட்டு அனுப்பினார்.